பின்னால் வந்து இடித்தவர் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடையது ஆறு வருடப் பழைய பெட்ரோல் கார், 1,200 சிசி. சென்னையிலிருந்து 62 வயதுத் தாயாரோடு திரும்பும்போது, விழுப்புரத்துக்கு அருகே ஒரு சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த சின்ன லோடு வேன் நேராக டிக்கியில் மோதிவிட்டது. கூட்டம் கூடி, போலீஸ் வந்து, ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, "வண்டிக்குத்தானே சேதம், பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

சர்வீஸ் சென்டரில் 86,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். வேன் உரிமையாளர் போனில் பேசி, 30,000 தருகிறேன், 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்கிறார். வாசகரிடம் முழு பாலிசி இருக்கிறது. பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் ஆட்-ஆன், சேர்க்கவில்லை. ஐந்து வருடமாக ஒரு க்ளெய்மும் போடாததால் என்.சி.பி. (க்ளெய்ம் போடாதவருக்கு பிரீமியத்தில் கழிக்கும் போனஸ்) 50 சதவீதம் ஏறியிருக்கிறது. "தப்பு அவன்மேல். என் போனஸை நான் ஏன் இழக்க வேண்டும்? கனடாவில் இருக்கும் என் மாமா மகன், இடித்தவன் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்கிறான். என் ஏஜென்டோ, போலீஸ் தொல்லை வேண்டாம், வீட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடித்தது என்று எழுதிவிடலாம் என்கிறார். வேன் டிரைவரிடம் பேட்ஜ் இல்லையாம், அதனால் அவன் இன்சூரன்ஸும் செல்லாது என்கிறார்கள். இரண்டு வாரம் ஓடிவிட்டது. என்ன செய்வது?" இது அவர் கேள்வி. கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு அன்றிலிருந்து கழுத்து வலி, தைலம் தேய்க்கிறோம்."

அன்புள்ள வாசகருக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதுதான் மிக முக்கியமானது. பின்னாலிருந்து வண்டி மோதும்போது தலை ஒரு நொடி பின்னுக்குப் போய் முன்னுக்கு வெட்டும். கழுத்துத் தசையும் தசைநாரும் இழுபடும். வலி சிலருக்கு அன்றே தெரியும், சிலருக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தலைகாட்டும். 62 வயதில் எலும்பும் தேய்ந்திருக்கக்கூடும். இரண்டு வாரமாகக் குறையாத வலியைத் தைலத்தோடு விடக் கூடாது. நாளைக்கே அம்மாவை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் நல்லது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த வாகனம் மோதியது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் எந்த அதிகாரி முன்னாலும் பேசும். இரண்டு வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. வண்டிக்கு மட்டும் சேதம் என்பது ஒரு வகை வழக்கு. ஒருவருக்குக் காயம் என்றால் அது வேறு வகை. போலீஸ் எடுக்க வேண்டிய நடவடிக்கை, இழப்பீட்டின் அளவு, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எல்லாமே மாறிவிடுகிறது. ஆகவே டாக்டர் பார்த்து முடிக்கும்வரை வேன்காரர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். அம்மாவின் காயத்துக்கான உரிமை அம்மாவுடையது. நீங்கள் மகன் என்பதற்காக அதை விட்டுக்கொடுத்து எழுத முடியாது. அவர் எழுதும் தாளில் "வண்டியில் இருந்த அனைவர் சார்பிலும்" என்று ஒரு வரி இருந்தால் அதை அப்படியே விடாதீர்கள்.

கனடா கணக்கு இங்கே ஏன் ஓடாது

உங்கள் மாமா மகன் தன் ஊர் நடைமுறையை வைத்துச் சொல்கிறார். அதைச் சரிபார்க்க நான் முயலவில்லை. நம் ஊரில் எப்படி என்பதைத்தான் சொல்ல முடியும். இடித்த வண்டியின் கம்பெனிக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, "உங்கள் வண்டி இடித்தது, என் காரை ரிப்பேர் செய்து கொடுங்கள்" என்றால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் சமரசத் தொகையை முன்வைக்கலாம் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிரிழப்பு, பெருங்காயம் போன்ற வழக்குகளுக்கு அது பயன்படும் அளவுக்கு, ஒரு பம்பருக்கும் டிக்கிக்கும் பயன்படுவதை நான் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்க் கம்பெனி உங்களை இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இரண்டு கதவும் உங்கள் சொந்தக் கம்பெனிக்கு எதிராகத்தான் உங்களுக்குத் திறக்கும். எதிர்க் கம்பெனிக்கு நீங்கள் வாடிக்கையாளர் இல்லை. அங்கே உங்களுக்கு இருக்கும் வழி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஒன்றுதான்.

அப்படியானால் சொந்த பாலிசியில் ஏன் போக வேண்டும்? நீங்கள் 'முழு பாலிசி' என்று சொல்வதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, உங்கள் வண்டி பிறருக்குச் செய்யும் சேதத்துக்கான மூன்றாம் தரப்புப் பகுதி. மற்றொன்று, உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதி. இரண்டாவது பகுதி யார்மேல் தப்பு என்று கேட்பதே இல்லை. நீங்களே போய் மரத்தில் மோதினாலும் கொடுக்கும். லோடு வேன் வந்து மோதினாலும் கொடுக்கும். அதற்காகத்தான் ஐந்து வருடமாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள். "தப்பு செய்யாத நான் என் பாலிசியைத் தொட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது. அப்படி ஆகாது.

போனஸ் போனால் எவ்வளவு போகும்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். என்.சி.பி. 50 சதவீதம் என்றால் மொத்த பிரீமியத்தில் பாதி என்று நினைக்கிறார்கள். இல்லை. அது சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியத்தில் மட்டும் கழிக்கப்படுவது. மூன்றாம் தரப்புப் பகுதிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம். உங்கள் காரின் அளவுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி 3,416 ரூபாய். அதில் போனஸும் கிடையாது, நீங்கள் க்ளெய்ம் போட்டதற்காக அது ஏறவும் ஏறாது.

உங்கள் பாலிசியின் நகலில், கழிவுக்கு முன் சொந்தச் சேத பிரீமியம் 12,000, கழித்த பிறகு 6,000 என்று இருக்கிறது. க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம்: 6,000 கூடுதலாகக் கட்டுவீர்கள். அதற்கடுத்த வருடம் 20 சதவீதம் திரும்ப வரும்: கூடுதல் 3,600. பிறகு 25 சதவீதம்: 3,000. பிறகு 35: 1,800. பிறகு 45: 600. ஆறாவது புதுப்பித்தலில் பழைய 50-க்கே வந்துவிடுவீர்கள். மொத்தம் 15,000 ரூபாய், ஐந்து வருடத்தில், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. காருக்கு வயது ஏற ஏற ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) குறையும், பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் கம்மியாகவே இருக்கும். க்ளெய்ம் போட்டவர்களுக்குச் சில கம்பெனிகள் தள்ளுபடியையும் குறைக்கின்றன, அதனால் புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். போனஸ் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் வாங்கியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. உங்கள் பாலிசியில் அது இல்லை.

இப்போது கிடைப்பதைப் பார்ப்போம். உங்கள் எஸ்டிமேட்டை வரி வரியாகப் பிரித்தேன். பம்பர் 14,000, டெயில் லேம்ப் இரண்டும் 8,000. இவை பிளாஸ்டிக், தேய்மானம் என்று பாதி கழிப்பார்கள், 11,000 வரும். டிக்கி கதவு 20,000. இது உலோகம், ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம் என்பதால் 12,000 வரும். பின் கண்ணாடி 8,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, முழுசாக வரும். டிங்கரிங் கூலி 12,000, அதுவும் முழுசாக. பெயிண்டிங் 24,000, கூலியும் பெயிண்டும் சேர்ந்த பில்லில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அதாவது 3,000 போக 21,000. கூட்டினால் 64,000. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக, சேதத்தை மதிப்பிட கம்பெனி நியமிக்கும் சர்வேயர் எஸ்டிமேட்டை அப்படியே ஏற்றால் 63,000 ரூபாய் உங்கள் கம்பெனி தரும். 23,000 உங்கள் கையிலிருந்து.

ஆக, 15,000 சொச்சம் போனஸ் இழப்பு என்று பயந்து 63,000-ஐ விடுவதும், அதற்குப் பதிலாக 30,000 வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பதும் உங்களுக்கு நஷ்டம். சேதம் 10,000, 12,000 என்ற அளவில் இருந்திருந்தால் நானே க்ளெய்ம் போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த 30,000 ரூபாயை என்ன செய்வது

வேன் உரிமையாளரின் பணத்தையும் உங்கள் இன்சூரன்ஸையும் 'இதுவா அதுவா' என்று எதிரெதிராக வைத்துப் பார்க்கிறீர்கள். அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். உங்கள் கம்பெனி கொடுக்காத பகுதியை இடித்தவரிடம் கேட்பதில் ஒரு தடையும் இல்லை. தேய்மானமாகவும் பிடித்தமாகவும் போகும் 23,000, போனஸ் இழப்பு 15,000, இரண்டும் சேர்ந்தால் 38,000. வண்டி இல்லாத நாட்களுக்கான டாக்சிச் செலவு தனி. 86,000-க்கு 30,000 என்றால் அது அநியாயம். ஆனால் 38,000-க்கு 30,000 என்றால், பேசி முடிக்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. லோடு வேன் ஓட்டிப் பிழைக்கிற ஒருவரிடமிருந்து கைப்பணமாக அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சிரமம்.

எழுதும் விதம்தான் எல்லாம். "விபத்து சம்பந்தமாக இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், இடித்தவரிடமிருந்து வசூலிக்க உங்கள் கம்பெனிக்கு இருக்கும் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாகிறது. க்ளெய்ம் கொடுத்த பிறகு உங்கள் இடத்தில் நின்று எதிர்த்தரப்பிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அதற்கென ஒரு உரிமை மாற்றுக் கடிதத்தில் உங்களிடம் கையெழுத்தும் கேட்கலாம். நீங்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் தள்ளுபடி செய்து எழுதியது தெரிந்தால் உங்கள் க்ளெய்மையே நிறுத்துவதற்கு அது ஒரு காரணமாகிவிடும்.

அதனால் இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன தேதியில் நடந்த விபத்தில் சேதமான இன்ன எண் கொண்ட காருக்கு, அதன் இன்சூரன்ஸ் கம்பெனி தராமல் கழிக்கும் தேய்மானம், கட்டாயப் பிடித்தம், போனஸ் இழப்பு ஆகியவற்றுக்காக மட்டும் ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டேன். காரில் பயணித்தவரின் காயம் சம்பந்தமான உரிமைக்கும், என் இன்சூரன்ஸ் கம்பெனியின் உரிமைக்கும் இது பொருந்தாது." பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாக வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். ஒளிக்க வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை.

அவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பணம் வாங்காமலேயே உங்கள் க்ளெய்ம் நடக்கும்.

சுவரில் இடித்ததாக எழுதலாமா?

கூடவே கூடாது. உங்கள் ஏஜென்ட் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வேலை சீக்கிரம் முடியும் என்று பல ஊர்களில் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட போலீஸ் புகார் ஒரு கதை சொல்லும், க்ளெய்ம் படிவம் இன்னொரு கதை சொல்லும். பம்பர் உள்வாங்கிய விதத்தையும், டிக்கியில் எந்த உயரத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது என்பதையும் பார்த்தே சர்வேயர் சுவரா வண்டியா என்று சொல்லிவிடுவார். டிக்கி ஓரத்தில் வேனின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருப்பதை நீங்களே போட்டோவில் அனுப்பியிருக்கிறீர்கள். பொய்த் தகவல் தந்தார் என்று க்ளெய்மை மறுத்தால் எந்தக் குறைதீர்ப்பாளரும் உங்களுக்கு உதவ முடியாது. அதைவிட முக்கியம், அம்மாவின் காயத்துக்காக நாளை தீர்ப்பாயம் போனால், "விபத்தே நடக்கவில்லை, இவரே சுவரில் இடித்ததாக எழுதியிருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு உங்கள் படிவத்தையே எடுத்து நீட்டும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

"மஞ்சள் விளக்கில் திடீரென்று பிரேக் போட்டான்" என்று டிரைவர் சொல்வதைப் பற்றிப் பதற வேண்டாம். முன்னால் போகும் வண்டி நின்றால் தானும் நிற்கும்படி இடைவெளி விட்டு ஓட்ட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை அதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் சொந்த க்ளெய்முக்கு இந்த வாதம் தேவையே இல்லை. தீர்ப்பாயத்தில் அவர் எழுப்பினால், உங்கள் பங்குக்கும் கவனக்குறைவு உண்டா என்று பார்த்து அந்த விகிதத்தைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். சிக்னல் கேமரா பதிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். அதைப் பாதுகாத்து வைக்கும்படி ஸ்டேஷனுக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும்.

சி.எஸ்.ஆர். போதுமா, எஃப்.ஐ.ஆர். வேண்டுமா

வண்டிச் சேதத்துக்கு மட்டும் சொந்த பாலிசியில் க்ளெய்ம் போட, பெரும்பாலான நேரம் சி.எஸ்.ஆர். போதும். எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதற்காக மட்டும் நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆனால் எதிர்த்தரப்பிடம் இழப்பீடு கேட்கப் போவதானால் எஃப்.ஐ.ஆர். இருப்பது பெரிய பலம். இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது என்பதில்லை. தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் மருத்துவச் சீட்டு கையில் வந்ததும், காயத்தைக் குறிப்பிட்டு அதே ஸ்டேஷனில் கூடுதல் மனு கொடுங்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, அதனால் காயம் விளைவித்தது என்பவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வரும். பதிவு செய்ய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். அந்த ஸ்டேஷனோடு சண்டை போடச் சொல்லவில்லை. காயம் பற்றி அன்று நீங்களே சொல்லவில்லை, அதனால் அவர்கள் வண்டி விஷயமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறுமையாக விளக்கினால் பெரும்பாலும் நடக்கும்.

பேட்ஜ் விஷயம். டிரைவரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, சரக்கு வண்டிக்கான பேட்ஜ் இல்லை, அதனால் இன்சூரன்ஸ் செல்லாது என்று உங்களிடம் சொன்னவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சின்ன லோடு வேன் அந்த எடைக்குள்தான் வரும். உண்மையிலேயே லைசென்ஸ் குறை இருந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவு போடும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: விபத்து நாளன்று வேனுக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டும். போட்டு, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

கம்பெனிக்கு இன்றே தகவல் கொடுங்கள். பாலிசி நிபந்தனைப்படி உடனே சொல்லியிருக்க வேண்டும், இரண்டு வாரம் தாமதம்தான். ஆனால் நியாயமான காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் வைத்து உண்மையான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு பேசி முடிக்கலாம் என்றதால் காத்திருந்தேன் என்று உள்ளதை எழுதுங்கள். இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

சர்வேயர் பார்க்கும் முன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்ட வண்டியைக் காட்டி க்ளெய்ம் கேட்க முடியாது. 2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ. விதிப்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன்பின் 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் வரும்போது நீங்களும் கூட இருங்கள். டிக்கியைத் திறந்த பிறகு தெரியும் உள்சேதத்தையும் அவர் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டிச் சரிசெய்யலாம் என்பதில்தான் தொகை குறையும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

புகைச் சான்றிதழ் விபத்தன்று காலாவதி ஆகியிருந்தது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்காக க்ளெய்மை மறுக்க முடியாது, 2020-இல் ஐ.ஆர்.டி.ஏ. இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

கம்பெனி மறுத்தாலோ, நியாயமில்லாமல் குறைத்தாலோ, முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் அதிகாரத்தில் வரும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை, நீங்களே எழுதலாம்.

தீர்ப்பாயம் போவதா

வேன்காரர் பணம் தராமல், மீதி 23,000-க்காக மட்டும் விபத்து வழக்குப் போடுவதா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நாலு சக்கர வண்டி பிறர் சொத்துக்குச் செய்யும் சேதத்துக்கு அதன் பாலிசி வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது, அதனால் தொகை கிடைக்காது என்பதல்ல. மெக்கானிக்கையும் சர்வேயரையும் சாட்சி சொல்ல அழைத்து, வாய்தா வாய்தாவாக நடந்து, அந்தத் தொகைக்கு நீங்கள் செலவழிக்கும் நேரமும் பணமும் கட்டுப்படியாகாது.

அம்மாவின் கழுத்தில் தேய்மானத்துக்கு மேல் ஏதாவது காயம் என்று டாக்டர் சொன்னால் என் பதில் வேறு. அப்போது அம்மா தன் பெயரில் மனு போட வேண்டும்: மருத்துவச் செலவு, வலி வேதனை, வீட்டு வேலை செய்ய முடியாமல் போன நாட்கள், இனி ஆகப்போகும் சிகிச்சை. வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை, அதனால் இழப்பும் இல்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்குத் தொகை நிர்ணயித்து நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்துவருகின்றன. அந்த வழக்கு நடக்கும்போது கூடவே கார் சேதத்தின் மீதிக்கு நீங்களும் தனி மனு போட்டால், ஒரே விபத்து என்பதால் இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம். டாக்சி பில்களை அங்கே வையுங்கள். எவ்வளவு கொடுப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கேட்பதற்கு உரிமை இருக்கிறது. லோக் அதாலத் நாட்களில் கம்பெனிகள் ஒரு தொகை பேசி முடிப்பதும் உண்டு.

விழுப்புரத்துக்கு அலைய வேண்டியிருக்குமே என்று தயங்க வேண்டாம். மனுதாரர் வசிக்கும் ஊரிலுள்ள தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்று 166-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, திருச்சியிலேயே போடுங்கள். ஆனால் அதே பிரிவு, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 ஏப்ரல் முதல் இந்தக் கெடு நடைமுறையில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். டாக்டரின் அறிக்கையோடு அடுத்த மாதமே உள்ளூரில் விபத்து வழக்குப் பார்க்கும் ஒரு வக்கீலைப் பாருங்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண் என்ற முறையில் அம்மாவுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, அங்கே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.